ஓட்டுநர் இல்லாத கார் எதற்கு?

ஓட்டுநர் இல்லாத காருக்காகச் சொல்லப்படும் வாதங்களில் வலுவானது உயிர்காப்பு. அமெரிக்காவில் சாலை விபத்துகளில் ஆண்டுக்குச் சுமார் 40,000 பேர் இறக்கிறார்கள்; பெரும்பாலும் மனிதத் தவறே காரணம்; மனிதரை ஸ்டீயரிங்கிலிருந்து எழுப்பிவிட்டால் சாவு குறையும் என்கிறார்கள். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. வேமோ என்ற நிறுவனத்தின் ஓட்டுநர் இல்லாத டாக்சிகளால் காயம் நேரும் விபத்துகள் மனிதர் ஓட்டும் கார்களைவிடக் குறைவு என்று அந்நிறுவனம் வெளியிட்ட தரவுகள் காட்டுகின்றன. பார்வையற்ற ஒருவர் யார் தயவுமின்றி ஊர் சுற்ற முடிவதும் சிறிய விஷயமல்ல.

ஆனாலும், அந்த உயிர்களைக் காக்க இவ்வளவு செலவில் இவ்வளவு நீண்ட சுற்றுவழி எதற்கு? கூகுள் ஓட்டுநர் இல்லாத கார் திட்டத்தைத் தொடங்கியது 2009இல். அதே முயற்சியில் ஃபோர்டும் ஃபோக்ஸ்வேகனும் பணம் போட்ட ஆர்கோ நிறுவனம் 2022இல் மூடப்பட்டது. குரூஸ் நிறுவனத்தில் 1,000 கோடி டாலருக்கு மேல் கொட்டிய ஜெனரல் மோட்டார்ஸ், 2024 டிசம்பரில் ரோபோ டாக்சித் திட்டத்தையே கைவிட்டது. இத்தனைக்குப் பிறகும் சேவை சில நகரங்களில்தான். அமெரிக்கச் சாலைகளில் ஓடும் கார்களின் சராசரி வயது 12 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. அவை எல்லாம் மாறும்வரை சாகிறவர்களுக்கு என்ன பதில்?

பதில் ஏற்கெனவே இருக்கிறது. ஆஸ்லோவில் 2019ஆம் ஆண்டு முழுவதும் நடந்து சென்றவர், சைக்கிளில் சென்றவர் ஒருவர்கூடச் சாலை விபத்தில் இறக்கவில்லை. இறந்தவர் ஒரே ஒரு கார் ஓட்டுநர். ஹெல்சின்கி 2025 ஜூலை வரையிலான ஓராண்டைச் சாலை மரணமே இல்லாமல் கடந்தது. அங்கே பாதிக்கு மேற்பட்ட தெருக்களில் வேக வரம்பு மணிக்கு 30 கி.மீ. வேகத்தைக் குறைத்தார்கள், தெருவின் வடிவத்தை மாற்றினார்கள், பேருந்தையும் டிராமையும் பெருக்கினார்கள். கார்களை ஓட்டியவர்கள் தவறு செய்யும் அதே மனிதர்கள்தான். தவறு நேர்ந்தாலும் உயிர் போகாதபடி தெரு இருந்தது.

‘மனிதத் தவறு’ என்று எழுதி முடித்துவிட்டால், வேகத்துக்கென்றே அகலப்படுத்திய சாலையை யாரும் கேள்வி கேட்பதில்லை. 2018 மார்ச்சில் அரிசோனாவின் டெம்பியில் சைக்கிளைத் தள்ளியபடி சாலையைக் கடந்த பெண்மீது ஊபரின் சோதனைக் கார் மோதி, அவர் இறந்தார். கடக்கும் கோடு இல்லாத இடத்தில் ஒருவர் சாலையைக் கடக்கக்கூடும் என்பதே அந்த மென்பொருளின் கணக்கில் இல்லை என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது. நடப்பவர்களை மறந்த சாலையின் புத்தியே இயந்திரத்துக்கும் வந்திருந்தது.

சாலையின் இடப் பற்றாக்குறையையும் ஓட்டுநர் இல்லாத கார் தீர்க்காது. ஆளில்லாமல் ஓடினாலும் கார் அடைக்கும் இடம் அதேதான். தானியக்கத்துக்குப் பொருத்தமான இடம் ரயில். டெல்லி மெட்ரோ 2020இலேயே ஓட்டுநர் இல்லாத ரயிலைத் தொடங்கிவிட்டது.

காரிலேயே மாற்றம் வேண்டுமென்றாலும் எளிய வழி உண்டு. வேக வரம்பை மீறினால் ஓட்டுநரை எச்சரிக்கும் கருவி ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயம். அதே ஆண்டு கலிஃபோர்னியச் சட்டமன்றம் ஏறக்குறைய அதையே கோரி மசோதா நிறைவேற்றியது. வாகனப் பாதுகாப்பு விதிகள் மத்திய அரசின் பொறுப்பு என்று காரணம் காட்டி, செப்டம்பரில் ஆளுநர் கேவின் நியூசம் அதை நிராகரித்தார். ஓட்டுநர் இல்லாத டாக்சிகள் இரவுபகலாகக் கட்டணம் வாங்கி ஓட அனுமதித்த மாநிலமும் அதுதான்.