உறை மட்டும் ஹலாலாக இருந்தால் போதுமா?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

செங்கல்பட்டிலும், கோவளம் முதல் மாமல்லபுரம் தாண்டிச் சதுரங்கப்பட்டினம் வரையிலான கடற்கரை ஊர்களிலும் மார்க்கக் கல்வி போதிக்கும் எங்களைப் போன்றோரிடம் அண்மைக் காலமாக ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. "ஹஜ்ரத், இந்தச் சத்து மாத்திரையின் உறை ஜெலட்டினாம். உட்கொள்ளலாமா?"

கேள்வி நியாயமானது. வயிற்றுக்குள் செல்வது எதிலிருந்து எடுக்கப்பட்டது என்று விசாரிப்பது பேணுதலின் அடையாளம். ஆனால் அதே புட்டியின் மேல் "மூளை தெளியும், மறதி அகலும்" என்று அச்சிட்டிருக்கிறார்களே, அது உண்மையா என்று எவரும் கேட்பதில்லை. உறையின் ஹலாலைத் தேடுகிற நாம், அதை விற்பவருடைய சொல்லின் ஹலாலைத் தேடுவதில்லை. இந்தக் கேட்காமையை மூலதனமாகக் கொண்டு ஒரு வியாபாரம் நம் முஹல்லாக்களில் செழித்து வருகிறது. அதைப் பற்றி மௌனம் காப்பது இனியும் தகாது.

இந்த வியாபாரத்தின் இலக்கு யார்? நீண்டகால நோயாளிகள். நீரிழிவு, தைராய்டு குறைபாடு, சிறுநீரக நோய், முடக்குவாதம், கொரோனாவுக்குப் பின் தீராத சோர்வு ஆகியவற்றால் அவதிப்படுவோரில் பலருக்கு உடல் தளர்வதோடு சிந்தையும் மந்தமாகிறது. சொல்ல வந்த சொல் நாவில் வராது. அடுப்பில் வைத்தது நினைவில் நிற்காது. கணக்குப் பார்த்தால் தலை சுற்றும். மருத்துவர்கள் 'பிரெயின் ஃபாக்' என்று குறிப்பிடும் இதனை நம் வீடுகளில் 'தலை மந்தம்' என்பார்கள். இது சோம்பலன்று, நடிப்புமன்று.

ஒரு முஃமினுக்கு இந்த மந்தம் மிகவும் வலிப்பது தொழுகையில்தான். இரண்டாவது ரக்அத்தா, மூன்றாவதா என்று தடுமாறும்போதும், சிறுவயதில் மனனமிட்ட சூரா பாதியில் நழுவும்போதும், தம் ஈமானே பலவீனமாகிவிட்டதோ என்று அவர் அஞ்சுகிறார். வியாபாரி அந்த அச்சத்தைச் சரியாகப் பிடித்துக்கொள்கிறான். பள்ளிவாசல் வாயிலிலும் ஜமாஅத்தின் வாட்ஸ்அப் குழுவிலும் "இபாதத்தில் கவனம் கூடும்" என்று கூறியே புட்டி விற்கப்படுகிறது.

சகோதரர்களே, ரக்அத் எண்ணிக்கையில் ஐயம் கொள்வோருக்கு ஷரீஅத் ஸஜ்தா ஸஹ்வை வழங்கியிருக்கிறது. நிற்க இயலாதவர் அமர்ந்தும், அமர இயலாதவர் படுத்தும் தொழலாம். நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு. ரப்புல் ஆலமீன் மன்னித்து இலேசாக்கிய ஒன்றை, குற்ற உணர்வாக மாற்றி விலைக்கு விற்க எவருக்கும் உரிமையில்லை.

இனி, சொல்லின் ஹலாலைப் பார்ப்போம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தபோது உள்ளே ஈரத்தைக் கண்ட நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அவ்வாறாயின் மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டார்கள் நபியவர்கள். ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். அந்தத் தானியம் ஹராமான பொருளன்று. குறையை மறைத்ததே குற்றமாயிற்று. சத்துப் புட்டியும் அவ்வாறே. உள்ளிருக்கும் பொருள் ஆகுமானதாக இருக்கலாம். நிரூபிக்கப்படாததை நிரூபிக்கப்பட்டதாகக் கூறி விற்பது ஒருபோதும் ஆகுமானதன்று.

நிரூபணம் என்றால் என்ன என்று உலகுக்கே எடுத்துக்காட்டிய மண் நம்முடையது. 1968-ஆம் ஆண்டு, அன்றைய செங்கல்பட்டு மாவட்டக் கிராமங்களில் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் இணைந்து நடத்திய அதில் இரண்டரை லட்சத்திற்கும் அதிகமான மக்கள் பங்கேற்றார்கள். ஒரு சாராருக்கு உண்மையான தடுப்பூசியும், மற்றொரு சாராருக்கு மருந்தில்லாத ஊசியும் போடப்பட்டன. பதினைந்து ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கண்காணித்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்பதே முடிவு. எதிர்பார்ப்புக்கு மாறான முடிவுதான். ஆயினும் அதை மறைக்கவில்லை, வெளியிட்டார்கள். குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசநோயிலிருந்து அது பாதுகாக்கிறது என்பதால் இன்றும் பிறந்த குழந்தைகளுக்குப் போடப்படுகிறது. அதைத் தவிர்க்கக் கூடாது.

பல நாடுகளில் பயன்பட்டு வந்த ஒரு தடுப்பூசியையே இவ்வாறு சோதித்துப் பார்த்த மாவட்டத்தில், "என் மைத்துனருக்குக் கேட்டது" என்ற ஒற்றை வாக்கியத்தை நம்பி மாதந்தோறும் ஆயிரக்கணக்கில் செலவிடுகிறோம். நீண்டகால நோய் ஏறும், இறங்கும். மிக மோசமான வாரத்தில் மாத்திரையைத் தொடங்குபவர், அடுத்த வாரம் நோய் தானே தணியும்போது பெருமையை மாத்திரைக்குக் கொடுத்துவிடுகிறார். மருந்தில்லாத ஊசியைப் போட்டு ஒப்பிட்டது இந்த மயக்கத்தை விலக்கத்தான்.

நினைவாற்றலுக்கென்று விற்கப்படும் பொருட்களில் புகழ்பெற்றது கிங்கோ என்ற மர இலைச் சாறு. அமெரிக்காவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முதியவர்களுக்கு நாளொன்றுக்கு 240 மில்லிகிராம் வீதம் பல ஆண்டுகள் கொடுத்துப் பார்த்தார்கள். மறதி நோயை அது தடுக்கவில்லை என்று 2008-இல் முடிவு வெளியானது. நம் கைக்கு வரும் பல புட்டிகளில் அது இன்னமும் முதல் பெயராக மின்னுகிறது.

சத்துகளே வீண் என்பது என் வாதமன்று. குறைபாடு இருப்பவருக்கு அதே சத்து மருந்தாகும். இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு வைட்டமின் பி12. நீரிழிவுக்காக மெட்ஃபார்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் உட்கொள்வோருக்கு பி12 உடலில் சேர்வது குறையக்கூடும். சோர்வு, மறதி, கால் மரத்துப்போதல் ஆகியவை அதன் அறிகுறிகள். இவ்வகை அறிகுறி உள்ளவர்களுக்கு இரத்தத்தில் பி12 அளவைப் பார்க்க வேண்டுமென்று பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2022-இல் அறிவுறுத்தியது. தமிழக அரசு 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நீரிழிவு மாத்திரை வீடு தேடி வருகிறது. அதைப் பெறும் நம் தாய்மார்களில் எத்தனை பேர் பி12 பரிசோதனை பற்றிக் கேட்டிருக்கிறார்கள்?

ஒரு பெரியவருக்கு நாளொன்றுக்குத் தேவையான பி12 ஏறத்தாழ இரண்டு முதல் இரண்டரை மைக்ரோகிராம்தான். நம் கரையில் இறங்கும் மத்தி மீனிலும், முட்டையிலும், பாலிலும் அது உண்டு. குறைபாடு உறுதியானால் மருத்துவர் மாத்திரையோ ஊசியோ தருவார். ஆனால் பரிசோதிக்காமல் கலவை மாத்திரையைத் தொடங்கினால், அதிலுள்ள ஃபோலிக் அமிலம் பி12 குறைவால் வரும் இரத்தசோகையை மறைத்துவிடலாம். நரம்பின் சேதமோ மறைவில் தொடரும்.

"இயற்கையானதுதானே, என்ன தீங்கு?" என்பார்கள். சிலவற்றைக் கேளுங்கள். தைராய்டு மாத்திரை உட்கொள்பவர் அத்துடன் கால்சியம் அல்லது இரும்புச்சத்தைச் சேர்த்து விழுங்கினால் தைராய்டு மருந்து உடலில் சரியாகச் சேராது. நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். எந்த மந்தத்தைப் போக்க நினைத்தாரோ அதையே வளர்த்துக்கொள்கிறார். வைட்டமின் டி அளவு மீறினால் இரத்தத்தில் கால்சியம் கூடிச் சிந்தை குழம்பும், சிறுநீரகம் கெடும். பி6 நெடுநாள் மிகுந்தால் நரம்புகளைத் தாக்கும். முடிக்காக விற்கப்படும் பயோட்டின், தைராய்டு மற்றும் மாரடைப்பு இரத்தப் பரிசோதனைகளின் முடிவையே பொய்யாக்கக்கூடும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரித்தது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர் கிங்கோவையும் சேர்த்து உண்டால் இரத்தக்கசிவு அபாயம் உண்டு.

அடுத்து, மார்க்கத்தின் பெயரால் எழும் வாதம். கருஞ்சீரகத்தில் மரணம் தவிர்த்த எல்லா நோய்களுக்கும் நிவாரணம் உண்டு என்ற நபிமொழி ஸஹீஹானது. அதை நாம் முழுமனதோடு ஏற்கிறோம். ஆனால் 'எல்லா நோய்' என்பது பொதுச்சொல்லால் குறிப்பிட்ட வகையைச் சுட்டுவது என்று கத்தாபீ (ரஹ்) போன்ற விரிவுரையாளர்கள் விளக்கியிருக்கிறார்கள். புகாரியில் அதே இடத்தில் வரும் நிகழ்ச்சியில் ஐந்து அல்லது ஏழு விதைகளை அரைத்து, எண்ணெய் கலந்து மூக்கில் விடுமாறு கூறப்பட்டது. அளவும் முறையும் அங்கே இருந்தன. நாட்டு மருந்துக் கடையில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் கருஞ்சீரகத்தைப் பளபளப்பான புட்டியில் அடைத்து, மேலே நபிமொழியை அச்சிட்டுப் பன்மடங்கு விலைக்கு விற்பது ஸுன்னாவைப் பேணுவதாகுமா? குணமாகாத நோயாளி நாளை ஹதீஸின் மீதே ஐயம் கொண்டால் அந்தப் பாவத்தில் பங்கு யாருக்கு?

ஸஅத் (ரலி) அவர்கள் நோயுற்றபோது, மருத்துவம் அறிந்த ஹாரிஸ் பின் கலதாவிடம் செல்லுமாறு நபியவர்கள் கூறியதாக அபூதாவூதில் வருகிறது. மருத்துவம் அறியாதவர் சிகிச்சை அளித்து அதனால் தீங்கு நேர்ந்தால் அவரே பொறுப்பாளி என்ற கருத்திலமைந்த நபிமொழியும் அதே நூலில் உண்டு. நான்கு மணிநேரப் பயிற்சி வகுப்பில் அமர்ந்துவிட்டு அடுத்த நாள் "ஆலோசகர்" ஆகிவிடும் நம் சகோதரர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

நாட்டின் சட்டமும் இதையே சொல்கிறது. நீரிழிவு உள்ளிட்ட நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மாய நிவாரணங்கள் சட்டம் தடுக்கிறது. சத்துப் பொருட்களின் மேல் 'மருத்துவப் பயன்பாட்டிற்கல்ல' என்று அச்சிட வேண்டுமென்று உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் கூறுகின்றன. புட்டியைத் திருப்பிப் படியுங்கள். சிற்றெழுத்தில் மறுப்பதை விற்பவரின் நாக்கு வாக்களிக்கிறது. குவியலின் மேலே காய்ந்த தானியம், உள்ளே ஈரம்!

"மருத்துவர் இரண்டு நிமிடம்கூடக் கேட்பதில்லை. புட்டி விற்பவராவது அமர்ந்து கேட்கிறாரே" என்பதே இவர்கள் தரப்பில் வலுவான வாதம். இதை நான் மறுக்கவில்லை. அரசு மருத்துவமனை வரிசையின் நீளத்தை நாம் அறிவோம். அதற்கான பரிகாரம் நம் கையில் இருக்கிறது. நோயாளியைத் தனியே அனுப்பாதீர்கள். மறதி உள்ளவரால் தம் மறதியைக் கோவையாக விவரிக்க இயலாது. எப்போது தொடங்கியது, எந்த மாத்திரைகளை உண்கிறார், எவ்வளவு உறங்குகிறார் என்பதை ஒரு தாளில் எழுதி உடன் செல்லுங்கள். புட்டிகளையும் எடுத்துச் செல்லுங்கள். ஹீமோகுளோபின், பி12, தைராய்டு, சர்க்கரை, சோடியம், கிரியேட்டினின் ஆகிய பரிசோதனைகள் தமக்குத் தேவையா என்று கேளுங்கள். மனச்சோர்வையும் உறக்கக் குறட்டையையும் மறைக்காமல் கூறுங்கள். சிந்தையை மந்தமாக்கும் காரணங்களில் பல இவற்றுள் அடங்கும். அவற்றில் பலவும் சிகிச்சைக்கு வசப்படுபவை. திடீரென்று குழப்பமோ, பேச்சுக் குழறலோ வந்தால் ஒரு கணமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு விரையுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளிவாசல் வளாகத்தில் நோய் தீர்ப்பதாகக் கூறி எதையும் விற்க அனுமதியாதீர்கள். அங்கே கடை விரிப்பவருக்குப் பள்ளிவாசலின் நம்பகத்தன்மையையே நீங்கள் இலவசமாகக் கொடுக்கிறீர்கள். மாறாக, துணைக்கு ஆளில்லாத நோயாளியுடன் மருத்துவமனை செல்ல இரண்டு இளைஞர்களை நியமியுங்கள். நோயாளியை நலம் விசாரிப்பது நம் மீதுள்ள ஹக்கு. அதைப் புட்டி விற்பவரிடம் ஒப்படைத்தது நம் குறை.

வீடுகளில் உள்ளோருக்கும் ஒரு சொல். உங்கள் தாயார் ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டால் மூன்று முறையும் பதில் சொல்லுங்கள். அந்தப் பொறுமை எந்தப் புட்டியிலும் கிடைக்காது, கூலியோ அல்லாஹ்விடம் உண்டு.

ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே. மருந்தின் உறையோடு, அதை விற்கும் சொல்லையும் ஹலாலா என்று கேட்கும் தெளிவை அவன் நமக்கு வழங்குவானாக. நம் நோயாளிகளுக்கு முழுமையான நிவாரணத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.