படத்துல செவப்பா இருந்தா என் காட்டுல மழை பெஞ்சதா அர்த்தமா?

போன வருஷம் ஐப்பசியில ஒரு சாயங்காலம் சென்னையில இருந்து அக்கா மகன் போன் போட்டான். "மாமா, உங்க ஊருக்கு மேல ஒரே செவப்பா இருக்கு, செம மழை போல?" செயற்கைக்கோள் படத்தைப் பாத்துட்டுப் பேசுறான். வானம் இருட்டிக்கிட்டு வந்தது வாஸ்தவம்தான். காத்தடிச்சது, நாலு தூத்தல் விழுந்தது, மண் வாசம் கெளம்பினதோட சரி. காலையில மம்பட்டியால கொத்திப் பாத்தா ரெண்டு விரக்கடை ஈரம்கூட இல்ல. புழுதியில விதைச்ச உளுந்து, அதுக்கு முந்தின சின்ன மழைக்கு மொளைச்சு நின்னது, அந்த வாரத்தோட கருகிப் போச்சு.

மருமகன் கேட்டதுல எனக்கு வருத்தம் இல்ல. நிவாரணம் கேட்டுப் போன எடத்துலயும் ஒருத்தர் போனை எடுத்து அதே மாதிரி ஒரு படத்தைக் காட்டி, "உங்க பக்கம் அன்னைக்கு நல்ல மழைங்க, படமே இருக்கே"ன்னாரு பாருங்க, அதுக்குத்தான் இந்தப் பதிவு.

அந்தப் படம் என்னன்னு அவருக்கும் தெரியல, அன்னைக்கு எனக்கும் தெரியல. என் மக இயற்பியல் படிக்கிறா. அவ உக்காரவச்சு வெளக்கினதைச் சொல்றேன்.

நம்ம இன்சாட் 3டிஆர் 2016-ல விட்டது, 3டிஎஸ் 2024 பிப்ரவரியில விட்டது. ரெண்டும் சுமார் 36,000 கிலோமீட்டர் ஒசரத்துல நிக்குது. அங்க இருந்து மழை தெரியாதுங்க, மேகத்தோட தலைதான் தெரியும். மேகத்து மேல்பக்கத்துல இருந்து வர்ற வெப்பக் கதிரை அளந்து, அது எத்தனை டிகிரின்னு கணக்குப் போடுது. குளிர்ச்சியா இருந்தா மேகம் ஒசரம்னு அர்த்தம். அந்தக் குளிருக்குப் பூசின சாயம்தான் நீங்க பாக்குற செவப்பு. தண்ணிக்குப் பூசினது இல்ல.

இடிமேகத்தோட தலை கொடை மாதிரி விரிஞ்சு, காத்து இழுத்த பக்கமெல்லாம் பரவும். மழை அடியில ஒரு எடத்துல ஊத்தும், கொடை அம்பது கிலோமீட்டர் தள்ளியும் செவப்பாவே தெரியும். எனக்கு வாச்சது அந்தக் கொடையா இருக்கலாம். இதுக்கு நேர்மாறாவும் நடக்கும். தாழ வர்ற மேகம் அவ்வளவு குளிர்ந்திருக்காது, படத்துல சோகையாத் தெரியும், ஆனா நின்னு பெய்யும்.

மேகத் துளியோட பருமனையும் அளக்குறாங்க. பகல்ல மேகத்துல பட்டுத் திரும்புற வெயிலை ரெண்டு அலைநீளத்துல பாக்கணும். ஒண்ணு மேகத்தோட கனத்தைச் சொல்லும், இன்னொண்ணு துளி சின்னதா பெருசான்னு சொல்லும். துளியோட ஆரம் 14 மைக்ரான் பக்கம் வந்தாத்தான் மழையா மாறத் தோதுன்னு ஒரு கணக்கு. அருமையான வேலைதான். ஆனா அதுவும் மேல்பக்கத்துத் துளியோட கணக்கு. பொழுது சாஞ்சா வெயில் இல்ல, இந்த வழி அடைஞ்சுரும். எங்களுக்கு ஐப்பசி மழை எறங்குறதே சாயங்காலத்துக்கு மேலதான்.

அளவுக்கு வருவோம். இன்சாட் வெப்பப் படத்துல ஒரு புள்ளி நாலு கிலோமீட்டருக்கு நாலு கிலோமீட்டர். ஏக்கர்ல சொன்னா கிட்டத்தட்ட நாலாயிரம். அதுல என் மூணு ஏக்கர் எங்க இருக்கு? மேகத்தலை மைனஸ் 38 டிகிரிக்குக் கீழ போனா மணிக்கு 3 மில்லிமீட்டர் மழைன்னு பழைய கணக்கு ஒண்ணு உண்டு. அதைப் போட்டவங்க பக்கத்துக்கு 275 கிலோமீட்டர் இருக்குற பெரிய கட்டத்துக்குத்தான் போட்டாங்க. கோவில்பட்டியில இருந்து திருச்சியையே தாண்டிரும். அதை ஒரு கிராமத்துக்குப் பேசுறவங்க அந்தக் கணக்கையே கேவலப்படுத்துறாங்க.

துளியையே தொட்டுப் பாக்குற ராடாரும் மேல இருக்கு. 2014-ல அமெரிக்காவும் ஜப்பானும் சேந்து விட்ட ஜிபிஎம்ல இருக்கு. ஆனா அது ஓடிக்கிட்டே இருக்குறது. உங்க ஊருக்கு மேல வர்ற நேரத்துல மழை பெஞ்சாத்தான் உண்டு.

நான் செயற்கைக்கோளுக்கு எதிரி இல்லீங்க. புயல் எங்க கெடக்குன்னு அது காட்டுறதாலதான் கடலுக்குப் போனவங்க முன்கூட்டியே கரை சேருறாங்க. அது பொய் சொல்லல. தலை எவ்வளவு குளிருதுன்னு கேட்டா சொல்லுது. காட்டுல எவ்வளவு தண்ணி விழுந்ததுன்னு அதுகிட்ட கேக்குறதும், அது சொன்னதா இன்னொருத்தன் வயித்துல அடிக்கிறதும்தான் தப்பு.

தரையில வச்ச மழைமானிக்கு மாத்தே இல்ல. பயிர்க் காப்பீட்டுக்காக 2023-ல மத்திய அரசு கொண்டுவந்த விண்ட்ஸ் திட்டத்துலயே பஞ்சாயத்துக்கு ஒரு தானியங்கி மழைமானின்னுதான் இருக்கு. அதை வைங்க. வச்சதை முள் மண்டாமப் பாத்துக்கோங்க. அன்னன்னிக்கு அளவைப் பஞ்சாயத்து ஆபீஸ் பலகையில எழுதிப் போடுங்க, நாங்களும் பாப்போம். அதுவரைக்கும் நிவாரணம் கேட்டு வர்றவன்கிட்ட போன் படத்தை நீட்டாதீங்க, காட்டுக்கு வந்து கொத்திப் பாருங்க.

நான் அடியும் வாயும் ஒரே அகலமா இருக்குற டப்பா ஒண்ணை வெட்டவெளியில வச்சு, தினம் காலை எட்டரைக்கு ஸ்கேல் விட்டுப் பாத்து நோட்டுல எழுதுறேன். மருமகனும் இப்பல்லாம் செவப்பைப் பத்திப் பேசுறதில்ல, "டப்பாவுல எவ்வளவு மாமா?"ன்னுதான் கேக்குறான். நேத்து 7 மில்லிமீட்டர்.