கித்துள் மரத்தின் களஞ்சியம்

கித்துள் கருப்பட்டியின் இனிப்பைக் கட்டுகஸ்தோட்டை வாசகர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயின், அம்மரத்தின் தண்டைப் பிளந்தால் கிடைப்பது இனிப்பன்று; கஞ்சிக்குதவும் வெறும் மாவே. ஒரே மரம் பாளையில் வெல்லமும் தண்டில் மாவும் தருவது எங்ஙனம்?

பச்சிலையானது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டையும் வேர் உறிஞ்சிய நீரையும் கதிரவன் ஒளியால் இணைத்து வெல்லம் ஆக்குகின்றது. ஒளியின் சக்தி அவ்வெல்லத்துள் அடங்குகின்றது. அன்றாடச் செலவு போக மிஞ்சியதை வெல்லமாகவே வைத்தல் எளிதன்று. நீரிற் கரையும் வெல்லம் கலத்தினுள் மிகுந்தால், வெளியேயுள்ள நீரையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆதலால் தாவரம் குளுக்கோசு மூலக்கூறுகளை ஆயிரக்கணக்கிற் சங்கிலியாகக் கோத்து, எளிதிற் கரையாத மாப்பொருள் மணிகளாக்கிச் சேமிக்கின்றது. ஒளிபட்ட இலையில் மாப்பொருள் தோன்றுவதை ஜெர்மானிய அறிஞர் யூலியஸ் சாக்ஸ் 1860களில் அயடீன் கொண்டு மெய்ப்பித்தார்.

இல்லத்திலும் இதனைக் காணலாம். வாழைக்காய்த் துண்டின்மேல் அயடீன் துளியொன்று விடுங்கள், கருநீலமாகும். நன்கு கனிந்த பழத்திலோ அந்நிறம் அரிதாகவே தோன்றும். மாப்பொருள் வெல்லமாக மாறிவிட்டமையே காரணம். சோதித்த துண்டுகளை எவரும் உண்ணலாகாது.

கித்துளும் இதனையே செய்கின்றது. பூக்குமுன் பல்லாண்டுகள் தண்டினுள் மாப்பொருளைத் திரட்டுகின்றது. பருவம் வந்ததும் உச்சியிற் தொடங்கிக் கீழ்நோக்கி ஒன்றன்பின் ஒன்றாகப் பாளைகள் விடுகின்றது. அவற்றுக்காகத் தண்டின் மாப்பொருள் வெல்லமாகி ஓடுகின்றது. அவ்வோட்டத்தைச் சீவிப் பெறும் நீரே நம் வீட்டில் பாணியும் கருப்பட்டியும் ஆகின்றது. கடைசிப் பாளை காய்த்து முதிர்ந்தபின் மரம் மடிகின்றது.

மாவுக்கென மரத்தைப் பூக்குமுன்னரே வெட்டினால் பாணியுமில்லை, விதையுமில்லை. எல்லாப் பாளைகளையும் சீவினாலும் விதைக்கு வழியில்லை. தென்னையைப் போலவே கித்துளும் விதையாலன்றிப் பெருகுவதில்லை. ஆகவே, தோட்டத்திற் கித்துள் உடையோர் ஒரு பாளையையேனும் சீவாது காய்க்க விடுதல் நன்று. மரம் தன் வாழ்நாளெல்லாம் சிறுகச் சிறுகச் சேர்த்தது தன் சந்ததிக்கே. அதிலே நாம் பங்கு கேட்கலாம். முழுவதையும் கொள்ளுதல் முறையன்று.