விற்பனைப் பத்திரத்தில் ரசிகருக்கும் ஒரு வரி

அல்சூரை ஒட்டிய மர்பி டவுனில் பந்தாட்ட வாக்குவாதம் பெரும்பாலும் தமிழில்தான் சூடு பிடிக்கும். பெங்களூரைக் கிரிக்கெட் ஊராக உலகம் அறிந்திருக்கலாம். மர்பி டவுன், கௌதமபுரா, ஆஸ்டின் டவுன் வட்டாரங்களில் இன்றைக்கும் கால்பந்துக்குத்தான் முதல் மரியாதை. கௌதமபுராவில் அம்பேத்கர், புத்தர், அன்னை தெரசா சிலைகளோடு பெலேவுக்கும் சிலை உண்டு. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராகக் கோல் அடித்த சாரங்கபாணி ராமன், கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலில் ‘பஞ்ச பாண்டவர்’ எனக் கொண்டாடப்பட்ட ஐவரில் ஒருவரான அகமது கான், 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற அணியின் அருமைநாயகம் எல்லோரும் பெங்களூர் தந்த ஆட்டக்காரர்கள்.

ஒரு கிளப் வெளிநாட்டு முதலாளியின் கைக்குப் போகிறது என்று செய்தி வந்தால் இங்கேயும் ரசிகர்கள் உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். நல்ல பயிற்சியாளர் வருவார், சம்பளம் தேதி தவறாது, பையன்களுக்கு அகாடமி கிடைக்கும் என்பது ஒரு கட்சி. கணக்கு ஒத்துவராத நாளில் முதலாளி விமானம் ஏறிவிடுவார், ஸ்கார்ஃபும் கையுமாக நிற்கப்போவது நாம்தான் என்பது எதிர்க்கட்சி. இரண்டுக்கும் இந்தியாவிலேயே சான்று இருக்கிறது, அதுவும் ஒரே கிளப்பில்.

மான்செஸ்டர் சிட்டியின் தாய் நிறுவனமான சிட்டி ஃபுட்பால் குரூப், அபுதாபிப் பணத்தோடு 2019 நவம்பரில் மும்பை சிட்டி எஃப்சியின் 65 சதவீதப் பங்கை வாங்கியது. அதுவரை இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கோப்பையைத் தொடாத அந்த அணி 2020-21 சீசனில் லீக் ஷீல்டையும் கோப்பையையும் சேர்த்தே வென்றது. 2022 ஏப்ரலில் ஈராக்கின் ஏர் ஃபோர்ஸ் கிளப்பை 2-1 என வீழ்த்தி, ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில் ஓர் ஆட்டத்தை வென்ற முதல் இந்திய கிளப் ஆனது. 2022-23இல் மறுபடி ஷீல்டு, 2023-24இல் மறுபடி கோப்பை. முதல் கட்சிக்கு இதைவிட நல்ல வழக்கறிஞர் கிடைக்க மாட்டார்.

பிறகு 2025 வந்தது. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்திவந்த ரிலையன்ஸ் தரப்புக்கும் 2010இல் ஏற்பட்ட 15 ஆண்டு ஒப்பந்தம் முடியப்போகும் நேரத்தில் புதிய ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை. ஜூலையில் ஐஎஸ்எல் நிறுத்திவைக்கப்பட்டது. லீக்கின் எதிர்காலம் தெளிவாக இல்லை என்று சொல்லி, டிசம்பரில் சிட்டி குழுமம் தன் பங்குகளைப் பழைய உரிமையாளர்களிடமே விட்டுவிட்டு வெளியேறியது.

உள்ளூர் முதலாளியாக இருந்திருந்தால் கைவிட்டிருக்க மாட்டார் என்று எதிர்க்கட்சி இந்த இடத்தில் குரலை உயர்த்தும். அதற்கான பதில் பெங்களூரிலேயே இருக்கிறது. ஜேஎஸ்டபிள்யூ நிறுவனம் 2013இல் தொடங்கிய பெங்களூரு எஃப்சி, முதல் சீசனிலேயே ஐ-லீக் பட்டத்தை வென்ற அணி. 2016இல் ஏஎஃப்சி கோப்பை இறுதியாட்டம் வரை போன முதல் இந்திய அணி. அசோக் நகர் கால்பந்து ஸ்டேடியத்தின் மேற்குப் பகுதியில் நின்று பாடிய ரசிகர்கள் தங்களுக்கு ‘வெஸ்ட் பிளாக் ப்ளூஸ்’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். அணி கண்டீரவா ஸ்டேடியத்துக்கு இடம் மாறியபோது அந்தப் பெயரும் கூடவே போனது. அப்படிப்பட்ட கிளப்பே 2025 ஆகஸ்டில் முதல் அணி வீரர்களுக்கும் பணியாளர்களுக்கும் சம்பளத்தைக் காலவரையின்றி நிறுத்திவைத்தது. லீக்கே இல்லாதபோது என்ன செய்வது என்ற நிர்வாகத்தின் தரப்பில் நியாயம் உண்டு. ஆனால், உள்ளூர்ப் பணம் அசையாது என்ற நம்பிக்கை அந்த மாதத்தோடு உடைந்தது.

அதற்கு முன்பே உடைந்திருக்க வேண்டும். மஹிந்திரா யுனைடெட் 2010இல் மூடப்பட்டது. பஞ்சாபின் ஜேசிடி 2011இல் கலைக்கப்பட்டது. 2021-22இல் ஐஎஸ்எல் கோப்பையை வென்ற ஹைதராபாத் எஃப்சி, புனே அணியின் இடத்தில் பிறந்து, 2025இல் டெல்லிக்குக் குடிபெயர்ந்து பெயரையும் மாற்றிக்கொண்டது. இவற்றின் முதலாளிகள் அனைவரும் இந்தியர்கள்.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு கதை உண்டு. அதைப் பேசுவோர் அநியாயத்துக்குக் குறைவு. கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, சென்னை சிட்டி எஃப்சி ஐ-லீக் பட்டத்தைக் கைப்பற்றியது. உருகுவேயில் பிறந்த பெத்ரோ மான்ஸி கோல்களாகக் குவித்த சீசன் அது. உள்ளூர்ப் பையன்களும் ஸ்பானியர்களும் கலந்து ஆடிய அந்த அணியைப் பார்க்கக் கொங்கு மண்டலமே திரண்டது. சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசெல் 26 சதவீதப் பங்கை வாங்கி உள்ளே வந்தது. அகாடமி, பயிற்சி வசதிகள் என்று நம்பிக்கை பெரிதாக வளர்ந்தது. இரண்டே ஆண்டுகளில் எல்லாம் கரைந்தது. 2021-22 ஐ-லீக் பட்டியலில் சென்னை சிட்டி இல்லை. பாசெல் வந்தபோதும் யாரும் ரசிகர்களைக் கேட்கவில்லை, கிளப் மறைந்தபோதும் கேட்கவில்லை. தமிழ்நாட்டின் ஒரே ஐ-லீக் சாம்பியன் ஒரு நல்ல இரங்கல் குறிப்புக்கூட இல்லாமல் போனது வெட்கக்கேடு.

‘வெளியூர்க்காரர்’ என்ற குற்றச்சாட்டைப் பெங்களூரும் கேட்டிருக்கிறது, வாங்கியவர்களின் ஊராக. 1998இல் விஜய் மல்லையாவின் யூபி குழுமம் கொல்கத்தாவின் இரு பெரும் கிளப்புகளுக்குள்ளும் நுழைந்தது. ஒன்று கிங்ஃபிஷர் ஈஸ்ட் பெங்கால், இன்னொன்று மெக்டவல் மோகன் பகான் ஆனது. 2018இல் பெங்களூரின் க்வெஸ் நிறுவனம் ஈஸ்ட் பெங்காலில் 70 சதவீதம் வாங்கி, 2020இல் விலகியது. அடுத்து வந்த ஸ்ரீ சிமென்ட்டுடனான ஒப்பந்தம் இழுபறியானபோது, 2021 ஜூலையில் கிளப் வாசலில் திரண்ட ரசிகர்கள் மீது போலீஸ் தடியடி நடத்தியது. யாரோ தயாரித்த பத்திரத்தில் யாரோ கையெழுத்திடுவது பற்றிய சண்டையில் அடி வாங்கியது, அதைப் படித்துப் பார்க்கவே உரிமை இல்லாத ரசிகர்.

மோகன் பகான் ரசிகர்கள் பிடிவாதமாகப் போராடி ஒன்றைச் சாதித்தார்கள். 2020இல் சஞ்சீவ் கோயங்கா குழுமம் 80 சதவீதம் வாங்கியதும் கிளப்பின் பெயர் ஏடிகே மோகன் பகான் ஆனது. 1889இல் பிறந்து, 1911இல் வெறுங்காலோடு ஆடி ஆங்கிலப் படையணியைத் தோற்கடித்து ஐஎஃப்ஏ ஷீல்டை வென்ற கிளப்பின் பெயருக்கு முன்னால் ஏடிகே என்ற ஆறு வயது அணியின் மூன்று எழுத்துகள். ‘ஏடிகேயை நீக்கு’ என்ற முழக்கம் விடாமல் ஒலித்தது. 2023 மார்ச்சில் கோவாவில் நடந்த ஐஎஸ்எல் இறுதியாட்டத்தில் பெங்களூரு எஃப்சியைப் பெனால்டியில் வென்ற கையோடு கோயங்கா பெயர் மாற்றத்தை அறிவித்தார். தோற்ற வலியோடு நின்ற பெங்களூர் ரசிகரும் மனதுக்குள் பாராட்டியிருக்க வேண்டிய வெற்றி அது.

கடல் தாண்டிப் பார்த்தால் இந்தியரே வெளிநாட்டு முதலாளி. 2010 நவம்பரில் புனேயின் கோழிப்பண்ணைக் குழுமமான வெங்கீஸ், 1875இல் தொடங்கப்பட்ட பிளாக்பர்ன் ரோவர்ஸை 2.3 கோடி பவுண்டுக்கு வாங்கியது. அடுத்த மாதமே பயிற்சியாளர் சாம் அலர்டைஸை நீக்கியது. 2012இல் அணி பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கிய இரவில், எதிர்ப்புத் தெரிவித்த ரசிகர்கள் மைதானத்துக்குள் ஒரு கோழியையே ஓடவிட்டார்கள். 2017இல் மூன்றாம் நிலை லீக்குக்குச் சரிந்தது. வெங்கீஸ் பணம் போடாமல் இல்லை, ஆண்டுதோறும் கொட்டியது. ஆனால் லங்காஷயரின் ஒரு பஞ்சாலை நகரத்து அணிக்குப் பணம் போக டெல்லி உயர் நீதிமன்றத்தின் அனுமதி தேவைப்படும் நிலை வந்தது. வேல்ஸில் மலேசியத் தொழிலதிபர் வின்சென்ட் டான், ‘ப்ளூபேர்ட்ஸ்’ எனப்படும் கார்டிஃப் சிட்டியின் நீலச் சட்டையை 2012இல் சிவப்பாக மாற்றினார். சிவப்பில் ஆடித்தான் அந்த அணி பிரீமியர் லீக்குக்கு ஏறியது. அப்படியும் ரசிகர்கள் நீலத்தை விடவில்லை. 2015 ஜனவரியில் நீலமே திரும்பியது.

இத்தனை கதைகளிலும் முதலாளியின் பாஸ்போர்ட் எதையும் தீர்மானிக்கவில்லை. பெயர், நிறம், ஊர், மைதானம் ஆகியவற்றின் மேல் ரசிகருக்கு எழுத்தில் உரிமை இருந்ததா என்பதுதான் தீர்மானித்தது. எங்கும் இல்லை. கொல்கத்தாவிலும் கார்டிஃபிலும் தொண்டை கிழியக் கத்தித்தான் மீட்டார்கள். கத்த ஆள் குறைவாக இருந்த கோயம்புத்தூரில் கிளப்பே போயிற்று.

எழுத்தில் தர முடியாத உரிமை அல்ல இது. ஜெர்மனியில் 50+1 விதிப்படி வாக்குரிமையில் பாதிக்கு மேல் கிளப்பின் உறுப்பினர்களிடம்தான் இருக்க வேண்டும். ஒரு சில விலக்குகள் தவிர, எந்தக் கோடீஸ்வரரும் அதைத் தாண்ட முடியாது. இங்கிலாந்தில் 2025 ஜூலையில் சட்டமான கால்பந்து ஆளுகைச் சட்டம் புதிய முதலாளிகளைச் சோதித்து அனுமதிக்கத் தனி அமைப்பை உருவாக்கியது. கிளப்பின் சின்னத்தையோ சொந்த மைதானத்தில் அணியும் சட்டையின் நிறத்தையோ ரசிகர்களை மீறி மாற்றவும், அந்த அமைப்பின் ஒப்புதலின்றி மைதானத்தை விற்கவும் அது தடை போடுகிறது.

இந்தியாவில் இதற்குப் புதுச் சட்டத்துக்காகக்கூடக் காத்திருக்க வேண்டாம். கிளப்புகளுக்கு உரிமம் வழங்கும் அதிகாரம் ஏற்கனவே சம்மேளனத்திடம் இருக்கிறது. பெரும்பங்கு கைமாறும்போது ஒரு முழு சீசனின் சம்பளத்துக்கு வங்கி உத்தரவாதம் கட்ட வேண்டும், பெயரையும் நிறத்தையும் ஊரையும் மாற்றப் பதிவுபெற்ற ரசிகர் அமைப்பின் ஒப்புதல் வேண்டும், ஆண்டுக் கணக்கை வெளியிட வேண்டும், விலகுவதாக இருந்தால் ஒரு சீசன் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்று உரிம விதிகளில் சேர்த்தால் போதும். இப்படி நிபந்தனை போட்டால் யார் முதலீடு செய்வார்கள் என்று கேட்பவர்கள், நிபந்தனை எதுவும் இல்லாமல் வந்தவர்கள் எத்தனை காலம் தங்கினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

ரசிகர்கள் சேர்ந்து கொஞ்சம் பங்கு வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்றும் சிலர் நம்புகிறார்கள். அதற்கும் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. வேல்ஸின் ஸ்வான்சி சிட்டியில் ரசிகர் அறக்கட்டளையின் கையில் சுமார் 21 சதவீதப் பங்கு இருந்தது. 2016இல் மற்ற பங்குதாரர்கள் பெரும்பங்கை அமெரிக்க முதலீட்டாளர்களுக்கு விற்கப் பேச்சு நடத்தியபோது அறக்கட்டளையைக் கூப்பிடவில்லை. பேரம் படிந்த பிறகு, அந்த அறக்கட்டளை நியாயம் கேட்டுப் பல ஆண்டுகள் வழக்கறிஞர்களோடு அலைந்தது. அதனால்தான் ஒப்புதல் உரிமை, முதலாளியின் தயவிலோ பங்குக் கணக்கிலோ அல்லாமல் உரிம விதியிலேயே இருக்க வேண்டும். பெங்களூர், கொச்சி, கொல்கத்தா, சென்னை ரசிகர் அமைப்புகள் தங்கள் பகையை 90 நிமிடங்களுக்குள் நிறுத்திக்கொண்டு, அடுத்த உரிம விதிகள் எழுதப்படுவதற்கு முன்பே இந்த நான்கு கோரிக்கைகளையும் கூட்டாகச் சம்மேளனத்தின் முன் வைக்க வேண்டும்.