சிக்னலை எடுக்காதீர்கள், சுற்றைக் குறையுங்கள்

சென்னையில் அண்மை ஆண்டுகளில் பல சந்திப்புகளில் சிக்னலை அணைத்துவிட்டு, குறுக்கே தடுப்பு வைத்து, சற்றுத் தள்ளி யூ-டர்ன் விட்டிருக்கிறார்கள். வண்டிகள் நிற்காமல் போகும் என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். பஸ்ஸில் போகிறவர்களும் நடந்து போகிறவர்களும் சேர்ந்த எங்கள் அமைப்பு இதை எதிர்க்கிறது. சிக்னலில் அதிக நேரம் நிற்க வேண்டியிருப்பது உண்மைதான். அதற்குப் பெரும் காரணம், அளவுக்கு மீறி நீட்டப்பட்ட சுற்று நேரம், அதாவது எல்லாப் பக்கத்துக்கும் ஒருமுறை பச்சை விழுந்து முடிய ஆகும் நேரம்.

நம் நாற்சந்திகள் பலவற்றில் நான்கு பக்கத்துக்கும் தனித்தனியாகப் பச்சை விழுகிறது. ஒவ்வொரு முறை மாறும்போதும் கொஞ்சம் நேரம் வீணாகும்: முன்னால் நிற்கும் பஸ் கியர் போட்டு நகர்வதற்குள் இரண்டு மூன்று விநாடி, முடிவில் மஞ்சள், பிறகு எல்லாப் பக்கமும் சிவப்பு. பக்கத்துக்கு 4 விநாடி என்று வைத்தாலே ஒரு சுற்றுக்கு 16 விநாடி போச்சு. சுற்றை நீட்டினால் இந்த இழப்பின் பங்கு குறையுமே என்று தோன்றும். குறையும், ஆனால் எவ்வளவு? 160 விநாடிச் சுற்றில் 90 சதவீத நேரம் பயன்படுகிறது. 240 விநாடி ஆக்கினால் 93 சதவீதம். இந்த மூன்று சதவீதத்துக்காக, நான்கு பக்கமும் சமம் என்று கொண்டால், ஒருவர் பார்க்கும் சிவப்பு 124 விநாடியிலிருந்து 184 ஆகிறது. அந்த மூன்றும்கூட முழுசாகக் கைக்கு வராது. வரிசை நீண்டு, இடதுபக்கம் திரும்ப வேண்டியவர்களையும் அடைத்துக்கொள்ளும்.

பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடத்தில் வெப்ஸ்டர் 1958-லேயே இதற்குச் சூத்திரம் தந்துவிட்டார். வண்டி வரத்தும் இழப்பு நேரமும் தெரிந்தால், சராசரிக் காத்திருப்பு மிகக் குறைவாக அமையும் சுற்றைக் கணக்கிடலாம். சந்திப்பு நிரம்பி வழியும்போது அந்தச் சூத்திரம் கைவிட்டுவிடும் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். அங்கே வலதுபக்கத் திருப்பத்தை மட்டும் யூ-டர்னுக்கு அனுப்பிவிட்டு, எதிரெதிர்ப் பக்கங்களுக்கு ஒன்றாகப் பச்சை கொடுக்கலாம். நான்கு மாற்றம் இரண்டாகி, இழப்பும் பாதியாகும். யூ-டர்னுக்கு எங்களிடம் இடம் இவ்வளவுதான்.

மாலை நெரிசலில் போக்குவரத்துக் காவலர் சிக்னலைக் கையால் இயக்குகிறார், வரிசை தீரும்வரை பச்சையை விடுகிறார். புகையில் நிற்கும் அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவர் கண்ணுக்கு எட்டுவது அந்த ஒரு சந்திப்புதான். ஆனால் 600 மீட்டர் தள்ளியிருக்கும் அடுத்த சிக்னலை, மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வண்டிகள் 72 விநாடியில் எட்டும் என்று கணக்குப் போட்டுத்தான் பச்சைகளைக் கோக்க முடியும். ஒன்றைக் கையால் இழுத்தால் அந்தக் கோவை அறுந்துவிடும். தானியங்கிச் சிக்னல் வந்தால் எல்லாம் சரியாகும் என்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதன் சுற்றுக்கு மேல்வரம்பு வைப்பது மனிதர்கள்தான்.

இனி, வண்டி இல்லாதவர்கள். 18 மீட்டர் அகலச் சாலையை விநாடிக்கு 1.2 மீட்டர் நடையில் கடக்க 15 விநாடி ஆகும். பார்த்துக் கால் எடுத்து வைக்க 7 விநாடி சேர்த்தால் 22. முழங்கால் வலியோடு விநாடிக்கு 0.9 மீட்டர் நடக்கும் பாட்டிக்கு 27. சிக்னல் இருந்தால் வண்டிகள் நிற்கும் அந்த நேரமாவது அவருக்குக் கிடைக்கும். யூ-டர்ன் சாலையில் வண்டிகளுக்குச் சிவப்பே கிடையாது, ஆகவே அவருக்குப் பச்சையும் கிடையாது. காத்திருப்பு எங்கும் போய்விடவில்லை. காரிலிருந்து இறங்கி நடைபாதை ஓரத்தில் நிற்கிறது. சுரங்கப்பாதை இருக்கிறதே என்பார்கள். படி ஏற முடிந்தவர்கள் சொல்லும் பதில் அது. பஸ்ஸின் பாடும் சுலபமில்லை: இடதுபக்க நிறுத்தத்தில் ஆள் ஏற்றிய கையோடு, யூ-டர்ன் எடுக்க எல்லாத் தடங்களையும் வெட்டிக்கொண்டு வலது ஓரத்துக்குப் போயாக வேண்டும்.

சாலை மட்டத்திலேயே பாதசாரிகள் கடக்க வழி செய்யாமல் எந்தச் சிக்னலையும் அணைக்கக் கூடாது என்பது எங்கள் நிலைப்பாடு. ஏற்கெனவே அணைத்த இடங்களில் பொத்தானை அழுத்திக் கடக்கும் பாதசாரி சிக்னல் வேண்டும். உச்ச நேரத்திலும் சுற்று 120 விநாடியைத் தாண்டக் கூடாது. சுற்று எத்தனை விநாடி, அதில் பாதசாரிக்கு எத்தனை, வண்டிகளைக் கடைசியாக எண்ணி நேரத்தைத் திருத்தியது எந்த மாதம் என்பதை ஒவ்வொரு சிக்னல் கம்பத்திலும் தமிழில் எழுதி வைக்க வேண்டும்.