எட்டுக்கால் பூச்சி சொல்லும் கணக்கு

சிலந்திக்கு எத்தனை குரோமோசோம் என்று எண்ணுவதையே தொழிலாகக் கொண்ட விஞ்ஞானிகள் உண்டு என்றால், "வேற வேலையே இல்லையா?" என்றுதான் நம்மில் பலர் கேட்போம். சிவில் படிக்கிறவனுக்கு அதில் என்ன அக்கறை என்றும் கேட்பீர்கள். இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

சுவரில் தத்தித் தத்திப் போகுமே குதிக்கும் சிலந்தி, அந்தக் குடும்பத்தின் பெரும்பாலான இனங்களில் ஆணுக்கு 28 குரோமோசோம், பெண்ணுக்கு 30. ஏன் இந்த வித்தியாசம்? மனிதனுக்கு இருக்கும் ஒய் குரோமோசோம் இவற்றில் கிடையாது. எக்ஸ் மட்டும் இரண்டு வகை. ஆணிடம் வகைக்கு ஒன்று, பெண்ணிடம் வகைக்கு இரண்டு. முட்டையில் 15 இருக்கும். விந்தணுக்களில் ஒரு பாதிக்கு 15. மறு பாதிக்கு எக்ஸ் இரண்டுமே இல்லாமல் 13. பதினைந்தும் பதினைந்தும் சேர்ந்தால் பெண். பதினைந்தும் பதின்மூன்றும் சேர்ந்தால் ஆண். என்ன அழகான கணக்கு!

இதுவரை பெயரிட்ட சிலந்தி இனங்கள் 50,000-க்கு மேல். எண்ணிப் பார்த்தவை நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. ஜப்பானில் சுசுகி என்பவர் 1954-ல் 57 இனங்களின் கணக்கை ஒரே கட்டுரையில் கொடுத்தார். ஒவ்வொன்றையும் பிடித்து, மைக்ராஸ்கோப்பில் கண் வலிக்க எண்ணிய கணக்கு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் பெயின்டர் என்றொரு விஞ்ஞானி. 1914-ல் சிலந்திகளின் விந்தணு பற்றி எழுதியவர், பிறகு மனிதனை எண்ணப் போனார். 1921-ல், தெளிவான செல்களில் 46 தெரிகிறது, ஆனால் 48-ஆகவும் இருக்கலாம் என்றார். 1923-ல் 48 என்று முடிவு கட்டினார். பாடப்புத்தகமும் 48 என்றது. பின்னால் எண்ணியவர்களுக்கும் 48-தான் 'தெரிந்தது'! 1952-ல் சூ என்பவர், உப்பு குறைந்த கரைசலில் செல்லை ஊற வைத்தால் அது உப்பி, குரோமோசோம்கள் பிரிந்து நிற்பதைக் காட்டினார். அவரும் 48 என்றே எழுதினார். 1956-ல் ஸ்வீடனில் ஜியோ, லெவான் இருவரும்தான் கண்ணில் பட்டதை அப்படியே எழுதினார்கள்: 46.

33 வருஷம்! கருவி இல்லாதது மட்டும் காரணமில்லை. விடையை முதலில் தெரிந்துகொண்டு எண்ணியதும் காரணம்.

நம்ம லேபில் நடப்பது என்ன? சர்வேயில் டிராவர்ஸ் மூடவில்லையா, ரீடிங்கைத் 'தட்டி' மூடிவிடு. சிமெண்ட் டெஸ்டா, சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுது. "விடை சரியா வந்தா சார் மார்க் போடுவார்" என்பதுதான் நம் தாரக மந்திரம். சரியாக வராத ரீடிங்கை உள்ளபடி எழுதுகிறவனுக்கு மார்க் குறைவது உண்மைதான். அதை ஆசிரியப் பெருமக்களும் யோசிக்க வேண்டும். ஏன் சரியாக வரவில்லை என்று காரணம் எழுதுகிற மாணவனுக்கல்லவா மார்க் கூட வேண்டும்?

என் அப்பா கொத்தனார். கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். மேஸ்திரி அவசரப்படுத்தினாலும் ரெண்டு வரி செங்கல் ஏறியதும் அப்பா தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்ப்பார். "குண்டு பொய் சொல்லாதுடா, நாமதான் சொல்லுவோம்" என்பார். டிப்ளமோ வாங்கி நாளைக்கு அந்தச் சுவருக்கே நாம் சூப்பர்வைசராகப் போவோம். குண்டு காட்டுவதை எழுதப் போகிறோமா, மேலே இருப்பவர் எதிர்பார்ப்பதை எழுதப் போகிறோமா? குரோமோசோம் கணக்கு தப்பினால் புத்தகத்தைத் திருத்தலாம். கூரை இறங்கினால் எதைத் திருத்துவது?

தோழர்களே, தோழியரே! சிலந்தியை எண்ணுகிறவரைப் பார்த்து இனி சிரிக்க வேண்டாம். முடிந்தால் அடுத்த பிராக்டிகலில் அவரைப் போல எண்ணிப் பார்ப்போம். வந்ததை வந்தபடி எழுதுவோம்!