பூட்டு மட்டும் போதுமா?

வீட்டில் திருடன் புகுந்துவிட்டால், வீட்டுக்காரர் பூட்டை மாற்றுவதோடு நின்றுவிடுவதில்லை. காவல் நிலையத்தில் புகார் செய்கிறார். திருடன் பிடிபட வேண்டும் என்று அக்கம்பக்கத்தாரும் எதிர்பார்க்கின்றனர். ‘ஹேக்கர்’ எனப்படும் ஊடுருவி கணினிக்குள் புகுந்துவிட்டாலோ பேச்சு மாறிவிடுகிறது. “கடவுச்சொல்லை வலுவாக வைத்திருக்கக் கூடாதா?” என்று பறிகொடுத்தவரையே பலரும் கடிந்துகொள்கின்றனர்.

கடவுச்சொல் முக்கியம்தான். ஆனால், ஆயிரம் கதவுகளைத் தள்ளிப் பார்ப்பவனுக்கு ஒன்று திறந்தாலே போதும். தள்ளிப் பார்ப்பதால் தனக்கு ஒரு கேடும் வராது என்று தெரிந்தவன் எதற்காக நிறுத்துவான்?

தண்டனைக்கு வழியில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பிலிப்பீன்ஸ் நாடு பட்டறிந்தது. 2000-ஆம் ஆண்டு மே மாதம், ‘ஐ லவ் யூ’ என்ற தலைப்போடு வந்த மின்னஞ்சல் வழியாக ஒரு நச்சுநிரல் உலகெங்கும் பல மில்லியன் கணினிகளைத் தாக்கியது. சந்தேகத்திற்குரிய இளைஞரை மணிலாவில் கண்டுபிடித்தும் பயனில்லை. அத்தகைய செயலுக்கு ஏற்ற சட்டம் அப்போது அங்கு இல்லாததால் வழக்குக் கைவிடப்பட்டது. அடுத்த மாதமே சட்டம் பிறந்தது. நடந்து முடிந்ததற்கு அது செல்லுபடியாகவில்லை.

மலேசியா முந்திக்கொண்டது. 1997-இல் இயற்றப்பட்ட கணினிக் குற்றச் சட்டம் 2000 ஜூன் 1-இல் நடைமுறைக்கு வந்தது. அனுமதியின்றிப் பிறர் கணினிக்குள் நுழைந்தாலே 50,000 ரிங்கிட் வரை அபராதமோ 5 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். மோசடி செய்யும் நோக்கத்தோடு நுழைந்தால் 150,000 ரிங்கிட், 10 ஆண்டு. தோழனின் கணக்கில் ‘விளையாட்டாக’ நுழையும் மாணவனும் இச்சட்டத்தின் பார்வைக்குத் தப்ப முடியாது. அவனையும் வங்கியைக் கொள்ளையிடுபவனையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமன்று. அதனால்தான் ‘வரை’ என்ற சொல் அங்கே நிற்கிறது. அளவை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும்.

எனினும், பிடிபடாதவனைச் சட்டப் புத்தகம் அச்சுறுத்தாது. ஜொகூர் மக்களுக்கு இது நன்கு புரியும். சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்வோர் விடியுமுன்னே கடப்பிதழோடு எல்லையில் வரிசை பிடிக்கின்றனர். ஊடுருவிக்கு வரிசையும் இல்லை, பாலமும் இல்லை. 2013-இல் ‘மெசையா’ என்ற புனைபெயர் கொண்ட ஒருவர், கோலாலம்பூரில் இருந்தபடியே சிங்கப்பூரின் அங் மோ கியோ நகர மன்ற இணையத்தளத்தை ஊடுருவினார். மலேசியக் காவல்துறை அவரைக் கைது செய்தது; அவர் சிங்கப்பூரிடம் ஒப்படைக்கப்பட்டார். 2015-இல் அவருக்கு 4 ஆண்டு 8 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. இரு நாடுகளும் கைகோத்ததால் விளைந்த பலன் அது.

எல்லா வழக்கும் அப்படி முடிவதில்லை. 2018-இல் சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்திலிருந்து 1.5 மில்லியன் நோயாளிகளின் விவரங்கள் திருடப்பட்டன. பாதுகாக்கத் தவறிய இரு நிறுவனங்களுக்கு மொத்தம் ஒரு மில்லியன் வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. அது சரியே. திருடியவரோ நீதிமன்றத்தில் நிற்கவே இல்லை.

கூலாய் வட்டாரத்தில் தரவு மையங்கள் பெருகிவரும் இக்காலத்தில், பெயர் கெட்டுவிடும் என்று அஞ்சி, ஊடுருவலைப் பற்றி வாய் திறக்காமல் இருக்கும் நிறுவனம் ஊடுருவிக்கே உதவுகிறது. தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் தடயம் அழிகிறது. பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறுகிறது. இணைய மோசடியில் வங்கிப் பணம் பறிபோனால் உடனே அழைப்பதற்கென்றே 997 என்ற எண் இருக்கிறது.